இடது கையால் ஆசீர்வதித்த சாமி

அக்கா,

இன்று காலை வெள்ளைப் போர்வையை அலசிக் கொடியில் போட்டேன். வெயில் பட்டு ஈரத்துணி வாசனை எழுந்ததும் வேலையை அப்படியே விட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் மூன்று அறுவடை முடிந்துவிட்டது, கடிதத்தை எங்கே போடுவாய் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

நம் தீவின் தென்கரையில், சுரினாம் கிராமத்தில், நம் வீட்டுக் கரும்பு வண்டிக் கொட்டகையை உங்கள் வீட்டுக்காரர் படக் கொட்டகையாக்கிய வருடம்தான் நான் உங்களுக்கு ஓரகத்தியாக வந்தேன். ஞாயிறு மத்தியானம் சந்து பொந்தெல்லாம் சாக்கால் அடைத்து இருட்டாக்குவார். நடுவில் வெள்ளைத் துணி. அதற்கு முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். படம் நம் பக்கமும் தெரிவதற்காகத் துணியை நனைத்து வைப்பது நம் இருவர் வேலை. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். பேசாத படம். நடுவில் வரும் பிரெஞ்சு எழுத்து நேராக வந்தாலும் நமக்குப் படிக்கத் தெரியாது. கத்தி வீசுகிறவனுக்கும் இடது கை, கடிதம் எழுதுகிறவனுக்கும் இடது கை. "அந்த ஊர்ல சோத்துக் கையே கெடையாது போல" என்பீர்கள். நான் சிரித்து மாமியாரிடம் திட்டு வாங்குவேன்.

பிறகு இந்தியாவிலிருந்து சாமி படம் வந்தது. இரண்டு பிள்ளைகளைத் தொட்டிலிலேயே பறிகொடுத்திருந்த நீங்கள் மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தீர்கள். விரதமிருந்து, தலைக்குக் குளித்துவிட்டு வந்தீர்கள். சாமி கையைத் தூக்கி ஆசீர்வதித்தது, இடது கையால். கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போன பெண்கள் அப்படியே நின்றார்கள். அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

நீங்கள் பாயைச் சுருட்டினீர்கள். என்னைப் பார்த்து "வா" என்றீர்கள். மாமியார் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். நான் எழவில்லை.

நீங்கள் மட்டும் துணியைச் சுற்றிக்கொண்டு போய் ஆண்களின் பெஞ்சுக்கு முன்னால் பாயை விரித்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் மெஷினைச் சுற்றுவதை நிறுத்தி விளக்கை மூடினார்.

"அலே, போ, பின்னால போ. ஆம்பளைங்க எழுந்து போயிடுவாங்க."

"கரும்புல இவங்களோட ஒரே வரிசையிலதான நிக்கிறேன்? சாமிய மட்டும் முதுகுப் பக்கமாப் பாக்கணுமா?"

பிறகு மெஷின் கடகடத்தது. அவர் படச்சுருளைப் பின்னால் ஓட்டி, அந்த இடத்தை உங்களுக்காகவே திரும்பக் காட்டினார். யாரும் எழுந்து போகவில்லை. மாமியார்தான் இரண்டு மாதம் உங்களோடு பேசவில்லை. பையன் பிறந்த பிறகு அதுவும் சரியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு நானும் முன்னால் வந்தேன். ஏன் அன்று வரவில்லை என்று நீங்கள் கேட்கவேயில்லை. சில வாரங்களில் எல்லாப் பெண்களும் வந்துவிட, துணியை நனைக்கும் வேலையும் நின்றது. பட்டணத்தில் பேசும் படம் வந்ததும் கொட்டகைக்குள் மறுபடி வண்டிகள் ஏறின.

உங்கள் கருமாதி அன்று உங்கள் வீட்டுக்காரர் ஒன்று சொன்னார். அந்த முதல் நாள் படம் முடியும்வரை நீங்கள் பாயின் ஓரமாகவே உட்கார்ந்திருந்தீர்களாம். நடுவில் உட்காரக் கூடாதா என்று கேட்டதற்கு, சின்னவள் வருவாள் என்றீர்களாம்.

இப்போதெல்லாம் எங்கே ஒருத்தி தனியாக முன்னால் போய் நின்றாலும் நான் எழுந்துவிடுகிறேன், அக்கா. அன்று மட்டும்தான் எழவில்லை.