நான் காணாத கனவு

ஷெஃபீல்ட்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் மஹ்விஷுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அப்பாவும் தம்பி ஹாரிஸும் நானும் இறைவன் கருணையால் நலம். நீ டொராண்டோ பனியில் வழுக்கி விழாமல், வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க துஆ செய்கிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் படியேறும்போது முனகுகிறார். ஹாரிஸ் கார் ஓட்டும் தேர்வில் மூன்றாவது முறையாகத் தோற்றான், குற்றம் முழுவதும் மேட்டில் நின்ற குப்பை வண்டியுடையதாம். உன்னைப் பெண் கேட்டிருக்கும் தைமூர் விஷயமாக இஸ்திகாரா தொழுது, கனவில் கண்டதைச் சொல்லும்படி வெள்ளிக்கிழமை போனில் கேட்டாயே, 'உங்க கனவுதாம்மா சரியா இருக்கும்' என்றாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். வாயால் சொல்ல வரவில்லை.

வியாழக்கிழமை நீ எழுதிய படத்தை நம் பகுதி மன்றத்தில் காட்டினார்கள். நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். நம்மவர்களைப் பற்றிய படம் என்றால் ஒன்று வெடிகுண்டு, இல்லையென்றால் வீட்டைவிட்டு ஓடும் பெண் என்று பார்த்துச் சலித்தவள் நான். நம் தெருவில் காதலும் சிரிப்புமா, யார் பார்க்கப்போகிறார்கள் என்று உன்னிடமே கேட்டிருக்கிறேன். இடம் போதாமல் நின்றுகொண்டு பார்த்தார்கள். மருதாணி காயாத கையோடு மணப்பெண் டிராமைத் துரத்தியபோது பெண்கள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பயோடேட்டாவில் மாப்பிள்ளையின் உயரத்தைக் கூட்டிப் போடும் காட்சியில், 'என் வூட்டுக்காரரும் இப்படித்தான் வந்தாரு, செருப்பக் கழட்டினப்பதான் உண்மை தெரிஞ்சுது' என்று பின் வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு அந்தத் தாய் வந்தாள். மகள் விரும்பும் பையனைப் பற்றி இறைவனிடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழுதுவிட்டுப் படுக்கிறாள். கனவில் மகள் மணக்கோலத்தில் பேருந்துக்கு நிற்க, மாப்பிள்ளை அந்தப் பேருந்தைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிப் போய்விடுகிறான். அரங்கமே குலுங்கியது. ஆனால் அதற்கு முன்னால், அவள் தொழுகை விரிப்பில் உட்கார்ந்து மகளுக்காக அழுவதைத் துளிக் கேலியும் இல்லாமல் எழுதியிருந்தாய். ஓரம் நைந்த அந்தப் பச்சை விரிப்பு நம்முடையது, போன வருஷம் படப்பிடிப்புக்கு நீ கேட்டபோது எதற்கென்று கேட்காமல் கொடுத்தேன். மஹ்விஷ், உனக்காக நான் அப்படி அதில் உட்காரவில்லை. சில வருஷங்களுக்கு முன், நீ விரும்பிய லிபானின் வீட்டார் வந்து உன்னைப் பெண் கேட்டுவிட்டுப் போன ஐந்தாம் நாள் காலை, தேநீரை வடிகட்டிக்கொண்டே உன்னிடம் சொன்னேன், கனவில் நீ மணக்கோலத்தில் நின்றாய், பேருந்து வரவேயில்லை, காலைச் சுற்றிச் சேறு ஏறியது என்று. நான் தொழவில்லை, கனவும் காணவில்லை. சமையலறை ஜன்னலில் பேருந்து நிறுத்தம் தெரிந்தது, அதை வைத்துச் சொன்னேன்.

அவன் சோமாலியக் குடும்பத்துப் பையன், கறுப்பு. காரணம் அவ்வளவுதான். இருபது வருஷமாகக் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறவள், நிறம் பார்க்கக் கூடாது என்று மாணவர்களுக்கு அறிவுரை சொல்கிறவள், அதை எப்படி உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். சொன்னால் நீ வாதாடுவாய், நான் தோற்பேன். கனவோடு யாரும் வாதாட முடியாது. நீ வாதாடவும் இல்லை. 'சரிம்மா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்' என்று சொல்லிக் கோப்பையைக் கழுவி வைத்தாய். அதே கனவைச் சொல்லித்தான் அவன் வீட்டாருக்கும் மறுப்புச் சொன்னேன். மூன்று மாதத்தில் நீ கனடா போனாய்.

படம் முடிந்து வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு நஸ்ரீன், 'ஏன் ஷகுஃப்தாக்கா, அந்த பஸ் கனவு உங்களுதாமே? அடுத்த தடவ டிரைவரோட லைசென்ஸையும் பாத்துட்டு எந்திரிங்க' என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன், இரண்டாவது பொய். அப்போது லிபானின் அம்மா ஹோதன் என் கையைப் பிடித்துக்கொண்டார். 'அன்னிக்கு மனசு ரொம்ப கஷ்டப்பட்டுச்சு தங்கச்சி. ஆனா ஆண்டவனே வேணாம்னு காட்டினப்புறம் நாங்க என்ன பேசறது' என்று சொல்லி, லிபானுக்குப் பிறந்திருக்கும் பெண் குழந்தையைப் போனில் காட்டினார். உன் படத்தில் கடைசியில் கல்யாணம் நடக்கிறது. அதை எழுதும்போது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது.

நேற்று ஹோதன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார். 'அல்லாஹ் பேரச் சொன்னீங்களே' என்றார், அவ்வளவுதான். பிறகு, மகளிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். 'அப்ப இங்க எதுக்கு வந்தீங்க? போங்க, போய் மொதல்ல அவகிட்ட சொல்லுங்க' என்று கதவைத் திறந்துவிட்டார். தேநீர் தரவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் அப்படி நடந்ததில்லை.

தைமூருக்காக நான் தொழப்போவதில்லை. நீயே தொழு. பச்சை விரிப்பைத் துவைத்து, ஓரம் தைத்து வைத்திருக்கிறேன், நாளைக் காலை தபாலில் அனுப்புகிறேன். கனவு வந்தாலும் வராவிட்டாலும் என்னிடம் சொல்ல வேண்டாம், உன் மனதில் பட்டதைச் செய். மன்னித்துவிடு என்று உடனே கேட்க எனக்குத் தகுதியில்லை. அல்லாஹ் உனக்கு எல்லா நன்மையும் தரட்டும், என் பொய்யின் நிழல் உன் வாழ்வில் இனியும் விழாமல் காக்கட்டும். அடி தேய்ந்த அந்தப் பூட்ஸை மாற்று. படித்ததும் போன் செய், திட்டு, எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன். 'சரிம்மா' என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா
ஷகுஃப்தா