ஃபேர் ஐல் பக்கம் காற்று ஏழு

1999 நவம்பர் 14, ஞாயிறு
சான் ஹோசே

காலையில் என் மனைவி வசந்தி தோசைக்கரண்டியோடு வந்து, கம்ப்யூட்டரில் பிரிட்டிஷ் ரேடியோவின் கடல் வானிலை அறிக்கையைப் போட்டாள். கல்யாணத்துக்கு முன் ஸ்காட்லாந்தில் வேலை பார்த்தவள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஃபேர் ஐல் தீவுப் பக்கம் காற்று ஏழு என்றார்கள். அவள் முகம் வாடிவிட்டது.

"ஏழு மைல் காத்துக்கா இவ்வளவு பயம்?" என்றேன்.

"மைல் இல்லப்பா, ஃபோர்ஸ். ஏழுன்னா கப்பல் நல்லா ஆடும்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"அங்க ஒரு ஃப்ரெண்ட். கப்பல்ல இருக்கான்."

பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் குளிக்கப் போனபோது நானே போட்டுக் கேட்டேன். ஏழு, ஒன்பதாகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் அவளும் எப்போதோ கேட்டிருக்கிறாள். ராத்திரி தட்டில் போட்ட சாதத்தைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.