சூரியன் திரும்பும் தேதி

20-12-2001, வியாழன்

காலையில் பனி. ஸ்வெட்டர் போட்டும் குளிர். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு: ஃபிளாஸ்கில் காபி, சால்வை, கண்ணாடி. காலேஜுக்கு போன். லீவு திங்கள் வரைதானாம்.

அப்பா அப்படியே. மூச்சு மெஷினுடையது. இனி நினைவு திரும்பாது, வீட்டுக்குக் கூட்டிப் போய்க் குழாயை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அம்மா மாட்டேன் என்கிறாள். உத்தராயணத்தில்தான் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பஞ்சாங்கப்படி அது தை முதல் தேதி.

"தட்சிணாயனத்துல அனுப்பினா அவரு என்னை மன்னிப்பாரா?"

தை வரை வேண்டாம், வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பரிலேயே, நாளைக்கு என்றேன். போன வருடம் 21, நன்றாக ஞாபகம். பிசிக்ஸ் வாத்தியார் நான் சொன்னால் மறுபேச்சு ஏது. தலையாட்டினாள்.

21, வெள்ளி

கிளம்பும்போது நர்ஸ் அப்பாவின் காதில் கன்னடத்தில், "மனெகெ ஹோகோணா தாத்தா." வீட்டுக்குப் போகலாம் என்று.

நாளைக்குக் கூட்டிப் போகலாமா என்று அம்மா ஒருமுறை கேட்டாள். இன்றைக்கே என்றேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்றேன். உண்மையில் எனக்கு அலுத்துவிட்டது. அந்த பெஞ்ச், பினாயில் வாடை.

வீட்டில் குழாயை எடுத்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில் அடங்கினார்.

22, சனி

கல்பள்ளி மயானம். எங்கள் முறைக்குக் காத்திருக்கையில் பெஞ்சில் யாரோ விட்டுப்போன பேப்பர். வருடத்தின் மிகக் குறுகிய பகல் இன்றாம். நேற்றிரவு பன்னிரண்டு தாண்டிய பிறகே சூரியன் திரும்பியிருக்கிறது.

வகுப்பில் வருடாவருடம் நானே சொல்வது. வருடம் என்பது 365 நாளும் ஏறக்குறைய கால் நாளும். அதனால் அந்த நேரம் வருடத்துக்கு ஆறு மணி நேரம் போலத் தள்ளிப்போகும். லீப் வருடம் பின்னால் இழுக்கும். போன வருடம் லீப், 21 மாலை ஏழு மணி. ஆறு மணி நேரம் கூட்டினால் 22. விரல்விட்டு எண்ணியிருக்கலாம்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அப்பாவுக்கு உண்டு. ஒரு ராத்திரி பொறுக்க முடியவில்லை, பாவி எனக்கு.

24, திங்கள்

லீவு நீட்டிப்பு. பால் கூடுதலாக ஒரு லிட்டர். அம்மாவிடம் சொல்ல இரண்டு முறை வாய் எடுத்தேன். முடியவில்லை.

அடுகோடியிலிருந்து சித்தி. தை வரை வைத்திருக்கக் கூடாதா என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டாள்.

"என் புள்ள வாத்தியாரு. கணக்குப் பார்த்துதான் சொன்னான். நல்ல நேரத்துலதான் போனாரு," என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "என் நேரம் வந்தா எனக்கும் நீயே பார்த்துச் சொல்லிடுப்பா."

சரிம்மா என்றேன்.