தட்டு வைக்கும் சத்தம்

1944, ஆவணி, செவ்வாய் இரவு.

எங்கள் கொட்டகையில் இப்போது ஓடும் படத்தில், கணவன் போரில் இறந்ததாகத் தந்தி வந்த பிறகும் மனைவி பழக்கத்தில் இரண்டு தட்டு வைக்கிறாள். பிறகு ஒன்றை எடுத்துவிடுகிறாள். டைரக்டர் அங்கே பாட்டு வைக்கவில்லை. தட்டு தரையில் படும் சத்தம் மட்டும்தான். பாட்டு இல்லையென்று ஜனங்கள் விசிலடித்ததால், அந்த இடத்தில் கிராமபோனில் ஒரு சோகப் பாட்டைப் போடச் சொன்னார் கொட்டகை முதலாளி. பட மெஷின் ஓட்டும் நான்தான் மூன்று நாளாக அதைப் போட்டு வந்தேன்.

இன்று ஆட்டத்துக்கு முன் அதியமான்கோட்டையிலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

"எங்கூட்டுக்காரரு பட்டாளத்துல போயிட்டாருங்க. தந்தி வந்தன்னிக்கு எங்க வூட்லயும் ஒரு சத்தமுமில்லீங்க. நேத்து தட்டு தெரிஞ்சுது, சத்தம் கேக்கல. இன்னிக்கு மட்டும் அந்தப் பாட்டு வேண்டாமுங்க."

"முதலாளி என் வேலையை எடுத்துடுவாருங்கம்மா" என்றேன். அவர் போய், பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தார்.

அந்த இடம் வந்தது. ரிக்கார்டின் மேல் ஊசியை வைக்கக் கை எழவில்லை. ஒரே ஒரு விசில் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. தட்டு தரையில் பட்டது. பெண்கள் பக்கம் முதலில் ஒருத்தி விம்மினாள், அப்புறம் பலர்.

ஆட்டம் முடிந்ததும் முதலாளி வந்தார்.

"நாளைக்கும் ரிக்கார்டு போடலைன்னா நீ வூட்டுக்குப் போயிடலாம்."

"சரிங்க" என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.