நாச்சாரத்தில் இடம் மாறிய கல்

புதுத் தார் வாசனை மூக்கில் ஏறியபோதே எனக்கு மனசு சரியில்லை. நாச்சாரத்தில் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். எல்லையில் உயிர்விட்ட அந்தப் பையனுக்காகத் தெருக்காரர்கள் கல் நட்டிருந்த முனையில் இப்போது லாரிகள் போகின்றன. போனில் வரைபடத்தைத் திறந்தேன். நண்பரே, அந்தக் கல்லுக்காக அன்று நீர் வைத்த புள்ளி நடுச்சாலையில் கிடந்தது.

குஷாய்குடா தொழிற்சாலையில் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தும், ஓய்வு பெற்ற பிறகுதான் நாம் நண்பர்களானோம். உம் மனைவி காலமாகியிருந்தார். என் மகன் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகள் இருவருக்குமே நீளமாக இருந்தன. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற அந்தத் திறந்த வரைபடத்தை எனக்குக் காட்டியவர் நீர்தான். போரில் இறந்தவர்களின் நினைவிடங்களை அதில் குறிக்கலாம் என்று என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். வேறொரு வரைபடத்தில் இருப்பதைப் பார்த்துப் போட்டால் வேலை சுலபம் என்று நான் சொன்னபோது நீர் சம்மதிக்கவில்லை.

"அது அடுத்தவன் உழைப்பு வே. நாம போயி நின்ன இடத்த மட்டும் போடுவோம்."

அப்படிப் போய் நின்ற இடம்தான் நாச்சாரம். கல்லுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தவர் அந்தப் பையனின் அம்மா. கடைக்குள் அவன் சீருடையில் நிற்கும் படம் மாட்டியிருந்தது. அதையும் வரைபடத்தோடு சேர்க்கலாமா என்று உமது திருநெல்வேலித் தெலுங்கில் கேட்டீர். அந்த அம்மா முகம் மலர்ந்து படத்தைக் கழற்றப் போனார். அதோடு நீர் நிறுத்தியிருக்கலாம்.

"ஒண்ணு சொல்லிடறேன்மா. இத ஏத்திட்டா யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். நாங்க தடுக்க முடியாது."

"எலெக்ஷன் போஸ்டர்லயும் போடுவாங்களா?"

"போடலாம்மா."

படத்தை விட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "வொத்து சார், வேண்டாம்." நீர் சரியென்று தலையாட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டீர். கல்லின் இடத்தையும் அதில் செதுக்கியிருந்த பெயரையும் மட்டும் பதிந்துகொண்டு கிளம்பினோம். திரும்பும் வழியெல்லாம் நான் முணுமுணுத்தபடி வந்தேன். பின்சீட்டிலிருந்து நீர் ஒரு வார்த்தைதான் சொன்னீர்: "அவங்க பிள்ளை வே."

இன்று அந்தத் தையல் கடையும் அங்கே இல்லை. பக்கத்து டீக்கடையில் விசாரித்ததில், எதிர்ச்சந்துக்குள் போகச் சொன்னார்கள். அந்த அம்மா ஒரு வீட்டு வாசலில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்து, எழுந்து சந்தின் கடைசிவரை கூட்டிப்போனார். கல்லைப் பெயர்த்து அங்கே ஒரு வேப்பமரத்தடியில் நட்டிருந்தார்கள்.

"பெரியவர் வரலையா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"தவறிட்டார்மா. போன மழைக்காலத்துல."

அவர் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் போனை எடுத்துப் புள்ளியை நகர்த்தினேன். சேமித்தால் கடைசியாகத் திருத்தியவர் என்று என் பெயர் வந்துவிடும். உமது பெயர் பழைய பதிவுகளுக்குள் போய்விடும். தேடினால் கிடைக்கும். ஆனால் அங்கே யார் போய்த் தேடப் போகிறார்கள்? நகரத்தில் உமது பெயர் இருக்கும் இடங்களே கொஞ்சம்தான். விரல் நகரவில்லை.

"என்ன ஆச்சு சார்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கல்லின் மேல் விழுந்திருந்த இலைகளைத் தள்ளிவிட்டார்.

"மாத்துங்க சார். பழைய எடத்துக்குப் போனா இவன் இருக்க மாட்டான்ல."

சேமித்தேன். படத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிறுகளில் இப்போது தனியாகத்தான் போகிறேன். வழி தப்பினால் சொல்ல ஆளில்லை. எங்கேயாவது ஒரு வீட்டில் படம் கேட்க நேர்ந்தால், அவர்கள் எடுத்துத் தருவதற்கு முன்பே, அது யார் கைக்கெல்லாம் போகக்கூடும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலர் வேண்டாம் என்கிறார்கள். முன்பெல்லாம் எனக்கு வரும் கோபம் இப்போது வருவதில்லை.