படிகளின் மேல் பலகை

அன்புத் தங்கச்சிக்கு,

ரெம்பாவில் மாமியார் வீட்டில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இப்போது தோட்டத்துக்குத் திரும்பி வர வேண்டாம்.

போன வாரம் ஜப்பான்காரர்கள் ரப்பர் ஸ்டோரில் இலவசப் படம் காட்டினார்கள். உன் வீட்டுக்காரர் என்னை முதுகில் சுமந்து படியேறினார். வாசலில் நின்ற சிப்பாய் என் சூம்பிய காலைத் தட்டிப் பார்த்து, இறக்கிவிடச் சொன்னான்.

"வெளியவே இருங்க மச்சான். கதை பூரா வந்து சொல்றேன்லா" என்று அவர் உள்ளே போனார். கதவைப் பூட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஆனால் உள்ளே பாட்டே கேட்கவில்லை. பின்பக்கம் லாரிகள் உறுமின. விடிந்து பார்த்தால் ஸ்டோர் காலி, வெள்ளைத் திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு. நான் நம்பவில்லை. அவருடைய செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. வந்து தேடுவார் என்று நான் எடுக்கவில்லை.

இன்று தோட்டத்தில் நம்மை வேலை வாங்கும் மண்டோர் வீட்டுக்கு வந்தார்.

"சாயங்காலம் நொண்டி, சீக்காளிக்கு மட்டும் படம். யாரும் தூக்க வேணாம், வசதி பண்ணியாச்சு."

ஸ்டோர் பக்கம் எட்டிப் பார்த்தேன். படிகளின் மேல் புதுப் பலகையைச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். பின்வாசலிலும் ஒன்று, லாரி உயரத்துக்கு.

இப்படிக்கு,
உன் அண்ணன்