சம்பளமா சம்மதமா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகம், மனதளவில் எப்படி என்பதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், உன் முதுகுவலி குறைந்திருக்க வேண்டும். இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நான் போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்தில் நின்று திருத்துகிறார், விஷயத்தைத் திருத்தினால்கூடப் பரவாயில்லை, சொற்களைத் திருத்துகிறார். அதனால் மத்தியானம் வாசகர்கள் மேஜைமேல் தலைவைத்துத் தூங்கும் நேரத்தில், நூலகத்தில் என் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயம் உன் தம்பியின் கல்யாணம். அது நின்று, மறுபடி கூடிவந்து, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்றால் முதலில் அப்பாவின் குறுக்கெழுத்தைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வியாதி நீ போன பிறகு முற்றிவிட்டது. காலையில் பேப்பர் வந்தால் தலைப்புச் செய்தியைக்கூடப் பார்ப்பதில்லை, நேராக எட்டாம் பக்கம். கட்டங்களை நிரப்புவது சீக்கிரம் முடிந்துவிடும், போட்டவரைத் திட்டுவதற்குத்தான் முற்பகல் முழுவதும் வேண்டும். நம் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்க வருகிறவர்களை எழுத்துப் பலகைக்குப் பதில் அன்றைய குறிப்புகளைப் படிக்கச் சொல்கிறார். போன மாதம் ஒரு அம்மாள், எழுத்து நல்லாத் தெரியுதுங்க, விடைதான் தெரியல என்றாராம். அதற்கும் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். புதிரைப் போடுகிறவர் சதுரன் என்ற புனைபெயரில் போடுகிறார். அப்பா அவரைத் தாக்கி நாலுகண்ணன் என்ற புனைபெயரில் வாசகர் பகுதிக்கு எழுதுகிறார். பேப்பர்காரர்களுக்கு இந்தச் சண்டை பிடித்துப்போய், இவர் கடிதத்தையும் அவர் பதிலையும் வரிசையாகப் போட்டுவந்தார்கள். குழம்பிய நகரம் என்று குறிப்பு கொடுத்து நரகம் என்று விடை வைத்தால், இந்த நகரம் எத்தனை தடவை ஐயா குழம்பும், புதிதாக வேறு எதையாவது குழப்பக் கூடாதா என்று இவர் கேட்பார். வலமிருந்து இடமாக, குழந்தை, மூன்றெழுத்து என்று ஒருநாள் வந்தது. விடை பாப்பா. எந்தப் பக்கத்திலிருந்து எழுதினாலும் பாப்பாதானே, பிறகு எதற்கு வாசகனை வலப்பக்கம் வரைக்கும் நடக்க வைத்தீர்கள் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினார். மனைவியில் பாதி வீடு, இரண்டெழுத்து என்றதற்கு விடை மனை. மூன்றெழுத்தில் பாதி ஒன்றரைதான், இரண்டு எப்படி ஆகும் என்று இவர் கணக்குக் கேட்டார். மனைவியில் பாதிக்கு மேல் வீடுதான், மணமானவர்களுக்குப் புரியும் என்று சதுரன் பதில் போட்டார். அன்றைக்கு எனக்குச் சதுரனைப் பிடித்துவிட்டது, ஆனால் வீட்டில் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தம்பி ஒருநாள் என்னிடம் வந்து, அம்மா ஒரு பொண்ணு இருக்கா என்றான். ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்கப் போன இடத்தில் அங்கே மருந்துப் பிரிவில் இருக்கும் பெண்ணோடு பழக்கமாம். கெட்டிக்காரி, டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவள், இவன் முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது. அவள் அப்பா டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வாங்க, உட்கார்ந்து பேசலாம் என்று அவர்கள் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கிளம்பும்போது தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அங்க அப்பா கையில பேப்பர் சிக்காமப் பாத்துக்கம்மா என்றான். ஏன்டா என்றதற்குச் சொல்லவில்லை. அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் எல்லாம் முன்னாலேயே தெரியுமாம். சொல்லியிருந்தால் வாசலோடு முடிந்திருக்கும், மறைத்ததால் பிஸ்கட் வரைக்குமாவது வந்தது.

அவர்கள் வீட்டுக் கூடம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக டைல்ஸ். அப்பாவுக்குத் தரையைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துவிட்டது, எண் போடாததுதான் குறை என்று என் காதில் சொன்னார். டைல்ஸ்காரர் நல்ல உயரம், நல்ல குரல், எதையும் அளந்து பேசுகிறவர். எல்லாரும் உட்கார்ந்ததும் தம்பியைப் பார்த்து, தம்பிக்கு சம்பளம் எவ்வளவு வருது என்று கேட்டார். இவன் சொன்னான். அவர் தலையை ஆட்டினார், அது போதும் என்கிற ஆட்டமா போதாது என்கிற ஆட்டமா என்று எனக்குப் புரியவில்லை. டீ வந்தது. பிஸ்கட் தட்டை எடுத்த இடத்தில், அடியில் அன்றைய பேப்பர். நான் கையை நீட்டுவதற்குள் அப்பா நீட்டிவிட்டார். காலையில் அவசரத்தில் ஒன்றை நிரப்பாமல் விட்டு வந்தாராம். மாப்பிள்ளையிடம் பெண்ணைப் பெற்றவர் முதலில் கேட்பது, ஐந்தெழுத்து. முதல் எழுத்து ச, இரண்டாவது ம், கடைசி ம் என்று காலையிலேயே வந்துவிட்டதாம். அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துச் சம்பளம் என்று எழுதினார். டைல்ஸ்காரர் எட்டிப் பார்த்து, அது சம்மதம்ங்க என்றார் மெதுவாக.

உன் அப்பாவை அங்கேயே நிறுத்தியிருக்கலாம், நான் காலை மிதித்தேன், ஆனால் அது தம்பியின் காலாகப் போய்விட்டது. சம்மதத்தை எவன்ங்க மொதல்ல கேக்கறான், இந்தச் சதுரன் உலகம் தெரியாத ஆளு, கல்யாணம்கூட ஆகியிருக்காது என்றார் அப்பா. அதற்குப் பெண்ணின் அம்மா டீயை ஆற்றிக்கொண்டே, ஆச்சுங்க, என்னோடதான் ஆச்சு என்றார். டைல்ஸ்காரர் எழுந்து நின்று, ஓகோ, நாலுகண்ணன் நீங்கதானா என்றார். வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். அப்பா என்ன சொன்னார் தெரியுமா, நீங்களே பத்து நிமிஷம் முன்னாடி எம் பையன்கிட்ட மொதல்ல சம்பளத்தத்தானே கேட்டீங்க, உங்க புதிருக்கு நீங்களே தப்பு விடை சொல்லிட்டு என்னைத் திருத்துறீங்களே என்றார். விஷயம் என்னவென்றால் அது உண்மை. உண்மையைச் சொன்னால் சம்பந்தம் முறியும் என்பது கல்யாண வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்கு வரும் வழி முழுக்க தம்பி மிதிபட்ட காலை நொண்டிக்கொண்டு முன்னால் நடந்தான். அப்பாவோ, பேப்பரை அங்கேயே வெச்சிட்டு வந்துட்டேனே என்று வருத்தப்பட்டார்.

மறுநாள் பேப்பரில் விடை சம்மதம் என்று வந்தது. அவர் மன்னிப்புக் கேட்காமல் பேச்சே இல்லை என்று அங்கிருந்து செய்தி, இரண்டு விடையும் சரி என்று அச்சில் வராமல் பேச்சே இல்லை என்று இங்கிருந்து செய்தி. நடுவில் தம்பி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான், ராத்திரி பகல் பாராமல் வேலைக்குப் போனான், ஊரில் ஒரு லிஃப்ட் பழுதில்லாமல் ஓடியது என்றால் அது அந்த வாரம்தான். ஒருநாள் பெண்ணின் அம்மா நூலகத்துக்கு வந்தார், புத்தகம் எடுக்க வந்தவர்போல அலமாரி அலமாரியாகப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். நான் அந்தத் தேதிப் பேப்பரை எடுத்துக் காட்டினேன். நானும் உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள்தானே, எனக்கும் கொஞ்சம் தெரியும். அந்த ஐந்து கட்டத்தில் நடுவில் இருக்கும் இரண்டையும் மேலிருந்தோ கீழிருந்தோ எந்தச் சொல்லும் வந்து வெட்டவில்லை. ச, ம், ம் மூன்றுமே இரண்டு சொல்லுக்கும் பொது, மாறுவது நடுவில் இரண்டெழுத்துத்தான், அந்த இரண்டையும் சதுரன் துணையில்லாமல் அநாதையாக விட்டுவிட்டார். அதனால் புதிரில் பிழை அவருடையது, பேச்சில் பிழை இவருடையது என்றேன். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, எங்க வீட்டிலயும் அப்படித்தாங்க, அவர் போட்ட கட்டம், நான்தான் துணையில்லாத எழுத்து என்றார். இரண்டு பேரும் சிரித்த சத்தத்தில் ஒரு வாசகர் விழித்துக்கொண்டார்.

ஆனால் காரியத்தை நடத்தியது நாங்கள் இல்லை, அந்தப் பெண். கண் பவர் பார்க்கணும் வாங்க என்று தன் அப்பாவை இழுத்துக்கொண்டு நேராக நம் கடைக்கே வந்துவிட்டாள். தொழில் தொழில்தான் என்று உன் அப்பாவும் அவரை உட்காரவைத்து, கண்ணில் சட்டத்தை மாட்டி, எதிரே பலகையைக் காட்டியிருக்கிறார், அன்றைக்கு மரியாதைக்குக் குறுக்கெழுத்தைக் காட்டவில்லை. அவருக்கு நடு வரிசைக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லையாம். அந்தச் சமயம் பார்த்து அவள் சொன்னாளாம், மொதல்ல எதைக் கேக்கணும்னு ரெண்டு பேரும் ஊரறியச் சண்டை போடுறீங்க, அவர்கிட்ட சம்பளத்தக் கேட்டாச்சு, எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் எதையும் கேக்கல என்று. ஒருவர் கையில் கண்ணாடிச் சில்லு, ஒருவர் மூக்கில் இரும்புச் சட்டம். அப்பாதான் சில்லைக் கீழே வைத்துவிட்டு, சரிம்மா கேக்கறேன், உனக்கு சம்மதமா என்றார். அவள், யோசிச்சுச் சொல்றேன் மாமா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பேப்பர்ல சண்டை இல்லாம இருக்கான்னு பாக்கறேன் என்று சொல்லிவிட்டு, தன் அப்பாவை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் மாமா என்று கூப்பிட்டதை அப்பா என்னிடம் இரண்டு தடவை சொன்னார். யோசிச்சு என்றதைத் தம்பியிடம் சொல்லத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை, நான் சொன்னேன், அவன் வெளுத்துப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால் எட்டாம் பக்கத்தில் இரண்டு கடிதம் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று நாலுகண்ணன் எழுதியது, தீர யோசித்ததில் சம்மதமே சரியான விடை, அவசரப்பட்டு எழுதியது என் பிழை என்று. உன் அப்பா எழுத்தில் பிழையை ஒப்புக்கொண்டதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை, ஒளித்து ஒளித்து எழுதி, கடைக்குப் போகும் வழியில் தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இன்னொன்று சதுரன் எழுதியது, அனுபவத்தில் பார்த்ததில் சம்பளமே சரி, கட்டம் போட்டதிலும் குறை உண்டு, வாசகர் மன்னிக்க வேண்டும் என்று. ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒரே நாளில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் பண்ணிச் சிரித்துச் சிரித்து, பிறகு எனக்கு சம்மதம் அத்தை என்றாள். தம்பி அன்று இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டான்.

சண்டை ஓய்ந்தது என்று நினைக்காதே. சாயங்காலம் டைல்ஸ்காரர் வீட்டுக்கே வந்தார், பேச்சு வளர்ந்தது, இப்போது உன் அப்பா சம்மதம்தான் சரி என்கிறார், அவர் இல்லை சம்பளம்தான் என்கிறார், எழுதிக் கொடுத்ததை மாற்ற முடியாது என்று இரண்டு பேருக்கும் பிடிவாதம். ஒரே சோபாவில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே, இடம் மாறி நின்று அதே சண்டை. சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டு திட்டிக்கொள்கிறார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். அந்த வேகத்திலேயே அடுத்த மாதம் கடைசி ஞாயிறு என்று கல்யாணத் தேதியையும் வைத்துவிட்டார்கள்.

உன் கண் பவர் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, போய்ப் பார்க்கச் சொன்னார் அப்பா. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார், வேலை எங்கேயும் ஓடிப்போகாது. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று, அப்பாவிடம் போனில் எந்த விடை சரி என்று தப்பித்தவறியும் கேட்டுவிடாதே.

தேதி வைக்கும்போது உனக்கு லீவு கிடைக்குமா, அவ்வளவு தூரத்திலிருந்து வர முடியுமா என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நீ வராமல் எனக்கு அந்தக் கல்யாணத்தில் நிற்கக் கால் வராது. மாற்ற வேண்டும் என்றால் மாற்றிவிடலாம், அவர்கள் இருவரையும் நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் நான் கேட்கிறேன், அந்தத் தேதி உனக்குச் சரிப்படுமா கண்ணு?

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா